நகல் மனு

எங்கள் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா அண்ணாச்சி, தீர்ப்பின் நகல் கேட்டுப் போடும் நகல் மனுவை நிரப்பும்போது யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்க மாட்டோம். வழக்கு எண், தீர்ப்புத் தேதி, தீர்ப்பு மட்டும் வேண்டுமா, தீர்ப்பாணையும் சேர்த்து வேண்டுமா என்று ஒவ்வொன்றையும் வழக்குக் கட்டைப் பார்த்துப் பார்த்து எழுதுவார். ஒரு எண் மாறினாலும் மனு திரும்பி வந்துவிடும்.

அன்றைக்குப் பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் அவர் நிரப்பிக்கொண்டிருந்தது, முந்தின நாள் நாங்கள் தோற்ற ஒரு பாகப்பிரிவினை வழக்குக்கான மனு. கட்சிக்காரர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அவருடைய மச்சான், நீதிபதியைப் பற்றியும் எதிர்த்தரப்பு வக்கீலைப் பற்றியும் என்னென்னவோ சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி தலையைத் தூக்கவே இல்லை. "மொதல்ல காபி வரட்டும். என்ன எழுதியிருக்காருன்னு பாத்துட்டுப் பேசுவோம்" என்று மட்டும் சொன்னார். காபி என்று அவர் சொல்வது தீர்ப்பின் நகலை.

அதற்கும் முந்தின நாள்தான் எனக்கும் ஒரு தோல்வி வந்திருந்தது. சிவில் நீதிபதி பணிக்கான முதன்மைத் தேர்வை 2023 நவம்பரில் சென்னைக்குப் போய் எழுதியிருந்தேன். நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்டவர்கள் பட்டியலில் என் பதிவெண் இல்லை. பட்டியலை மேலிருந்து கீழாக நாலு தடவை பார்த்தேன். அடுத்தடுத்த எண்கள் இருந்தன, நடுவில் என்னுடையது மட்டும் இல்லை.

அண்ணாச்சி மனுவை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை, முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். "உங்களுக்கும் அதான்மா. காபி போடுங்க. எதுக்குத் தோத்தோம்னு தெரியாம எங்க அப்பீல் போவ?"

இரண்டு வருடமாக நான் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்துகொண்டிருக்கிறேன்.

தோற்ற வழக்கில் வக்கீல்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறோம். தீர்ப்பைப் படிக்காமல் மேல்முறையீட்டு மனு எழுத முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 41, விதி 1 மேல்முறையீட்டு மனுவோடு தீர்ப்பின் நகலையும் சேர்த்துத் தாக்கல் செய்யச் சொல்கிறது. நகல் வாங்க ஆகும் நாள்களைக் காலக்கெடுவில் கழித்துக்கொள்ள காலவரம்புச் சட்டத்தின் பிரிவு 12 இடம் தருகிறது. தோற்றவர் காரணத்தைப் படிக்கட்டும், அதற்கான நாள்களை அவர் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று சட்டமே ஒதுங்கி நின்று வழி விடுகிறது. இவ்வளவு தெரிந்த நாம், நமக்கு ஒரு வேலை கிடைக்காமல் போனால் மட்டும் மரத்தடி மச்சான் மாதிரி பேச ஆரம்பித்துவிடுகிறோம். நானும் பேசினேன். அந்த ஒரு மாதம் என்னைச் சுற்றி இருந்தவர்கள் சொன்னதையெல்லாம் எழுதினால் ஒரு நோட்டு நிறையும். ஆள் இருந்தால்தான் வேலை நடக்கும் என்றார் ஒருவர். கையெழுத்து சரியில்லை என்றார் இன்னொருவர். என் விடைத்தாளை இருவருமே பார்த்ததில்லை. ஆனாலும் நாலு கோடு நோட்டு வாங்கி ஒரு மாதம் கையெழுத்துப் பயிற்சி செய்தேன். மனது உடைந்திருக்கும்போது யார் எதைச் சொன்னாலும் பிடித்துக்கொள்ளத் தோன்றும்.

பிப்ரவரியில் ஸ்ரீபதியைப் பற்றிய செய்தி வந்தது. ஜவ்வாது மலைப் பகுதியைச் சேர்ந்த பழங்குடிப் பெண், 23 வயது. குழந்தை பெற்ற சில நாள்களிலேயே சென்னைக்குப் போய் இதே தேர்வை எழுதித் தேர்வாகியிருந்தார். அம்மா பேப்பரை என் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறாமையாக இல்லை. அவர் எழுதிய அதே இரண்டு நாள்கள், அதே நாலு தாள்கள்தான் நானும் எழுதினேன். என் தாளில் என்ன இல்லை என்று தெரிந்துகொள்ளும் ஆசை அன்றைக்குத்தான் உண்மையாக வந்தது.

தெரியாதவர்களுக்காக அந்த நாலு தாளைப் பற்றிக் கொஞ்சம். ஒன்று மொழிபெயர்ப்பு. சாட்சியம், ஆவணம், தீர்ப்புப் பகுதி என்று கொடுப்பார்கள், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் அங்கிருந்து இங்குமாகப் பெயர்க்க வேண்டும். இன்னொன்று சட்டக் கேள்விகளுக்குப் பதில். மற்ற இரண்டும்தான் ஆளைச் சோதிப்பவை. ஒன்றில் உரிமையியல் வழக்குக்கு எழுவினாக்கள், அதாவது வழக்கில் முடிவு செய்ய வேண்டிய கேள்விகள், வனைந்து தீர்ப்பு எழுத வேண்டும். மற்றதில் குற்றவியல் வழக்குக்குக் குற்றச்சாட்டு வனைந்து தீர்ப்பு எழுத வேண்டும். ஒவ்வொன்றும் 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். மதிப்பெண் வந்தபோது மொழிபெயர்ப்பில் நன்றாகவே வாங்கியிருந்தேன். பங்காளி என்பதை 'பார்ட்னர்' என்று எழுதாமல் தாயாதி உறவைச் சொல்லும் சொல்லைப் போடத் தெரிந்த கை அது. தீர்ப்பு எழுதும் இரண்டு தாளிலும்தான் விழுந்திருந்தேன். உரிமையியல் தாளில் 39.

மதிப்பெண் என்பது தீர்ப்பாணை மாதிரி. வழக்கு தள்ளுபடி என்று மட்டும் அதில் இருக்கும். காரணம் தீர்ப்பில்தான் இருக்கும். அது நம் கையில் இல்லை.

தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்று நண்பர்கள் சொன்னார்கள். மனுவில் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். திருத்தப்பட்ட விடைத்தாளும் 'தகவல்'தான், எழுதியவர் கேட்டால் காட்ட வேண்டும் என்று ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் சொன்னது. திருத்தியவர் யார் என்று தெரியாதபடி மறைத்துக் கொடுத்தால் போதும் என்றும் அதில் உண்டு. இளம் வக்கீல்கள் இந்தத் தீர்ப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். 2018 பிப்ரவரியில் அங்கேஷ் குமார் வழக்கு வந்தது. குடிமைப் பணித் தேர்வு பற்றிய அந்த வழக்கில், விடைத்தாள், மதிப்பெண் விவரங்களை இயந்திரம் போல எடுத்துக் கொடுத்துவிட முடியாது, தேர்வு முறையின் நலனையும் எடைபோட வேண்டும், விதிகள் அனுமதித்தால் அதன்படி கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே மனு போடுகிறவர்கள் இரண்டையும் படித்துவிட்டுப் போடுங்கள். முதலாவதை மட்டும் நம்பி, விடைத்தாள் வந்தபிறகு படிக்க ஆரம்பிக்கலாம் என்று காத்திருந்தால் மாதங்கள் போய்விடும். அதோடு இன்னொன்றும் உண்டு. விடைத்தாள் கையில் கிடைத்தாலும் அதில் ஓரத்தில் மதிப்பெண் இருக்கும். ஏன் என்று எழுதியிருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நான் வேறு வழியில் போனேன். தேர்வில் எழுதியதை நினைவிலிருந்து அப்படியே திரும்ப எழுதி, பாளையங்கோட்டையிலேயே இருக்கும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். என் சீனியருக்குப் பழக்கமானவர். வாசலில் செம்பருத்திச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தாள்களை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இது நீ பரீட்சையில எழுதினது இல்லம்மா. எழுதியிருக்கணும்னு இப்ப நெனைக்கிறது. தனக்குத்தானே வக்காலத்து போட்டா இப்படித்தான் இருக்கும்."

அவர் சொன்னது சரி. எழுதும்போதே இரண்டு மூன்று இடத்தில் திருத்திக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றே செய்யவில்லை, கை தானாகவே திருத்தியது.

"ஞாயித்துக்கிழமை காலையில ஒம்பது மணிக்கு வா. பேனாவும் பேப்பரும் மட்டும் கொண்டு வா" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் எழுதினேன். ஒரு பழைய வழக்கின் வழக்குரையையும் எதிருரையையும் சாட்சியங்களின் சுருக்கத்தையும், பெயர்களை மாற்றி அவரே கையால் எழுதி வைத்திருந்தார். ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கு, அதாவது ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்டபடி செய்து தரச் சொல்லிக் கேட்பது. நம் ஊர் நீதிமன்றங்களில் வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிற கதைதான். வாதி சொல்வது: வீட்டை 12 லட்சத்துக்கு விற்பதாகக் கிரைய ஒப்பந்தம், 9 லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டேன், மீதி 3 லட்சத்துக்கு இரண்டு வருடத் தவணை, இப்போது எழுதித் தர மறுக்கிறார். பிரதிவாதி சொல்வது: விற்கவே இல்லை, அவசரத்துக்கு 3 லட்சம் கடன் வாங்கினேன், வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கையெழுத்து தன்னுடையது என்பதை ஒப்புக்கொள்கிறார்.

எனக்கு உற்சாகமாக இருந்தது. இதே மாதிரி வழக்கு நானே நடத்தியிருக்கிறேன். பன்னிரண்டு மணிக்குப் பேனாவை வைத்தபோது 14 பக்கம் எழுதியிருந்தேன்.

அவர் ஒரு ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாக நகர்த்திப் படித்தார். கையில் பென்சில் இருந்தது, ஆனால் எட்டாம் பக்கம் வரை அதைத் தாளில் வைக்கவே இல்லை. அவர் வீட்டம்மா இடையில் வந்து குடிக்கக் காபி வைத்துவிட்டுப் போனார். ஆறியது.

"பதினாலு பக்கம். வாதி சொன்னது, பிரதிவாதி சொன்னது, சாட்சி சொன்னது, ரெண்டு பக்க வக்கீல் வாதம். எட்டரைப் பக்கம் ஆச்சு. நீ என்ன சொன்னே? எங்க இருக்கு?"

கடைசிக்கு முந்தின பக்கத்தைக் காட்டினேன். 'மேற்கண்ட சூழ்நிலைகளைக் கருத்தில் கொள்ளும்போது, வாதி கோரும் பரிகாரம் அவருக்குக் கிடைக்கத்தக்கது எனக் கருத இடமுள்ளது.'

'இடமுள்ளது' என்பதன் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டார். அழுத்தமே இல்லாத கோடு. "இடம் இருக்கா இல்லையான்னு சொல்லத்தானேம்மா உன்ன அந்த நாற்காலியில உக்கார வைக்கப் போறாங்க. நீ பாட்டுக்கு இடமுள்ளதுன்னு எழுதிட்டா அமீனா என்னத்த நிறைவேத்துவான்?"

அப்புறம் முதல் பக்கத்துக்குத் திரும்பி எழுவினாக்களைக் காட்டினார். நான் மூன்று வனைந்திருந்தேன். முதலாவதில் 'கிரைய ஒப்பந்தம் உண்மையானதா, அதை நிறைவேற்ற வாதி எப்போதும் தயாராகவும் விருப்பமாகவும் இருந்தாரா' என்று இரண்டையும் சேர்த்திருந்தேன். கட்டளை 14, விதி 1 ஒவ்வொரு முக்கியச் சங்கதிக்கும் தனித்தனி எழுவினா வேண்டும் என்று கேட்கிறது. விதி எனக்கு மனப்பாடம். ஏன் அந்த விதி என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஒப்பந்தம் உண்மை என்று ஒரு நீதிபதி முடிவுக்கு வரலாம், ஆனால் மீதிப் பணம் கொடுக்க வாதி தயாராகவே இல்லை என்றும் அதே நீதிபதி முடிவுக்கு வரலாம். அப்போது, தயாராக இருந்ததை வாதி நிரூபிக்கக் கேட்கும் குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் பிரிவு 16(சி)-இல் அவர் விழுந்துவிடுவார். இரண்டையும் ஒரே கேள்வியில் கட்டிப்போட்டால், ஒன்றுக்கு ஆம் என்றும் இன்னொன்றுக்கு இல்லை என்றும் எழுத இடமே கிடையாது. அதனால்தான் என் முடிவு கடைசியில் வழவழவென்று வந்திருக்கிறது. முக்கால் பங்குப் பணம் கொடுத்தவர் கால் பங்குக்கு ஏன் இரண்டு வருடத் தவணை கேட்டார், முத்திரைத்தாள் யார் பெயரில் வாங்கப்பட்டது என்ற கேள்விகளையெல்லாம் நான் தொட்டிருந்தேன். தொட்டுவிட்டு, இந்தப் பக்கம் இப்படியும் சொல்லலாம், அந்தப் பக்கம் அப்படியும் சொல்லலாம் என்று விட்டிருந்தேன்.

"சட்டம் உனக்குத் தெரியுது. முடிவு சொல்லப் பயப்படுறே" என்றார். குரலில் கண்டிப்பு இல்லை. காய்ச்சல் எவ்வளவு என்று சொல்வது போலச் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்குக் கோபம் வந்தது. ஐந்து வருடம் வக்கீல் தொழில் செய்கிறவளைப் பார்த்துப் பயப்படுகிறாய் என்பதா? அந்தக் கோபம் ஒரு வாரம் இருந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் கருத்துக் கேட்கப் போகிற எல்லோருக்கும் அது வரும். வந்த அன்றைக்கே பதில் பேசாமல் இருந்தால் போதும். நான் நன்றி சொல்லிவிட்டு ஆறிய காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன், அந்த அளவுக்குப் புத்தி இருந்தது.

இரண்டாவது தோல்வி அந்த வருடம் ஜூலையில். சென்னையில் வீட்டுக்கடன் கொடுக்கும் ஒரு தனியார் நிறுவனத்தில் சட்ட அலுவலர் வேலை. நேர்காணலுக்கு முன்னால் ஒரு மணி நேரத் தேர்வு வைத்தார்கள். மூலப் பத்திரம், அதற்குப் பின் வந்த கிரையப் பத்திரங்கள், பட்டா, 30 வருட வில்லங்கச் சான்று எல்லாம் கொடுத்து, உரிமை பற்றிச் சட்டக் கருத்து எழுதச் சொன்னார்கள். நேர்காணல் நன்றாகத்தான் போனது. பத்து நாள் கழித்து, உங்கள் விண்ணப்பத்தைத் தொடர இயலவில்லை என்று இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது.

இந்தத் தடவை அன்றைக்கே காபி போட்டேன்.

தனியார் நிறுவனத்தில் தகவல் உரிமைச் சட்டம் செல்லாது. பணிவாகக் கேட்கத்தான் முடியும். முதலில் எழுதியது ஒரு பக்கம் வந்தது. படித்துப் பார்த்தால் வக்கீல் நோட்டீஸ் மாதிரியே இருந்தது. 'எந்த அடிப்படையில் என் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்பதைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.' வேறு யார் இப்படிக் கேட்டாலும் பரவாயில்லை, ஒரு வக்கீல் கேட்டால் எதிரில் இருப்பவர் உடனே கோப்பை மூடிவிட்டுத் தன் வக்கீலைக் கூப்பிடுவார். நாமே அவர் இடத்தில் இருந்தால் பதில் போட வேண்டாம் என்றுதான் அறிவுரை சொல்வோம். அழித்துவிட்டு ஐந்தே வரி எழுதினேன். தேர்வு முடிவைக் கேள்வி கேட்க இதை எழுதவில்லை. நேர்காணலுக்கு நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. நான் எழுதிய சட்டக் கருத்தில் எந்தப் பகுதி பலவீனமாக இருந்தது என்று ஒரு வரி சொன்னால் எனக்கு உதவும். தொலைபேசியில் சொல்வது வசதி என்றால் எந்த நேரத்திலும் எடுப்பேன்.

'ஏன் எடுக்கவில்லை' என்று கேட்டால் அவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. 'இந்தத் தாளில் எந்த இடம்' என்று கேட்டால் தாளைப் பற்றிப் பேசலாம். தொலைபேசி என்று சொன்னதும் வேண்டுமென்றேதான், எழுத்தில் கொடுக்கப் பயப்படுகிற ஒன்றைப் பேச்சில் சொல்வார்கள்.

ஆறு நாள் கழித்து நேர்காணலில் இருந்தவர்களில் ஒருவர் கூப்பிட்டார். சாயங்காலம், பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். இரைச்சலில் காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். இரண்டு நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டார்.

"மேடம், நீங்க எழுதினதுல தப்பே இல்ல. எல்லாப் பத்திரத்தையும் வரிசையாப் போட்டிருந்தீங்க. வாரிசு ஒருத்தர் கையெழுத்துப் போடலைங்கிறதையும் பிடிச்சிருந்தீங்க, அத நாலு பேர்தான் பிடிச்சாங்க. ஆனா கடைசியில, இந்தச் சொத்து மேல கடன் குடுக்கலாமா வேண்டாமான்னு சொல்லலியே? எங்க மேனேஜருக்கு அது ஒண்ணுதான் வேணும்."

கடைசிப் பத்தியில் நான் எழுதியது நினைவுக்கு வந்தது. 'உரிமை மூலம் ஏற்கத்தக்கதாகவே தோன்றுகிறது, எனினும் மேற்சொன்ன குறையைக் கருத்தில் கொள்ளலாம்.'

தோன்றுகிறது. கருத இடமுள்ளது. கொள்ளலாம்.

பாளையங்கோட்டை வீட்டில் பென்சிலோடு இருந்தவரும் சென்னையிலிருந்து பேசியவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஒருவர் தீர்ப்பைப் படித்தார், இன்னொருவர் சட்டக் கருத்தைப் படித்தார். இரண்டு பேரும் ஒரே இடத்தில் விரலை வைத்தார்கள். மற்ற அறிவுரைகளிலிருந்து இதைப் பிரித்தறிய எனக்கு அதுதான் உதவியது. ஒரே ஒரு சாட்சி சொன்னால் அவருக்கு என்ன உள்நோக்கம் என்று குறுக்கு விசாரணை செய்யலாம். தொடர்பே இல்லாத இரண்டு சாட்சிகள் ஒன்றையே சொன்னால் நாமே கட்டை மூட வேண்டியதுதான். கையெழுத்துச் சரியில்லை என்றவர், ஆள் இருக்க வேண்டும் என்றவர் எல்லோரையும் அன்றைக்கு மனதிலிருந்து இறக்கி வைத்தேன்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றும் யோசித்தேன். ஐந்து வருடமாக ஒவ்வொரு நாளும் ஒரு பக்கத்துக்காக வாதாடிவிட்டு, முடிவை மேடையில் இருப்பவரிடம் விட்டுவிட்டு வருகிறேன். எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று யோசித்து யோசித்து, எந்த வாக்கியத்திலும் ஒரு கதவைத் திறந்து வைக்கிற கை. வக்கீலுக்கு அது தேவை. அந்த நாற்காலிக்கு அது ஆகாது. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம், சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்று வருட வக்கீல் அனுபவம் வேண்டும் என்ற பழைய விதியை மறுபடி கொண்டுவந்தது. நல்ல தீர்ப்பு என்றே நினைக்கிறேன், சாட்சிக் கூண்டைப் பார்க்காமல் சாட்சியத்தை எடைபோடுவது கடினம். ஆனால் இப்போது சட்டக் கல்லூரியிலிருந்து வரும் தம்பி தங்கைகள் அந்த மூன்று வருடத்தில் இந்தப் பழக்கத்தையும் சேர்த்துத்தான் கற்றுக்கொள்ளப் போகிறார்கள். அதை யாராவது அவர்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

நான் செய்தது பெரிய திட்டம் எதுவும் இல்லை. தினமும் ராத்திரி ஒரு எழுவினா. மாவட்ட நீதிமன்றங்களின் தீர்ப்புகள் இ-கோர்ட்ஸ் தளத்தில் கிடைக்கின்றன, தமிழில் எழுதப்பட்டவையும் நிறைய உண்டு. ஒரு தீர்ப்பை எடுத்து, வழக்குரை, எதிருரை, சாட்சியம் வரை படித்துவிட்டு, முடிவுப் பகுதியைத் திறக்காமல் வைத்துவிடுவேன். ஒரு துண்டுக் காகிதத்தில் ஆம் அல்லது இல்லை என்று எழுதிக் கவிழ்த்து வைப்பேன். பிறகுதான் காரணம் எழுதுவேன். அரைப் பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. 'தோன்றுகிறது', 'கருத இடமுள்ளது' இரண்டையும் எழுதுவதில்லை என்று எனக்கு நானே தடையாணை போட்டுக்கொண்டேன். முதல் நாளில் அந்தத் துண்டுக் காகிதத்தில் ஒரு சொல் எழுத நாற்பது நிமிடம் ஆனது.

இரண்டு மாதம் கழித்து நீதிபதி ஐயாவிடம் ஒரு கட்டு எடுத்துக்கொண்டு போனேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். நாலைந்து தாள் படித்துவிட்டு ஸ்கேலைக் கீழே வைத்தார்.

"இப்ப முடிவு மட்டும் இருக்கு. வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு. இதுல தோத்தவன் படிச்சா அவனுக்கு என்னம்மா கிடைக்கும்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை.

"ஜெயிச்சவன் தீர்ப்பைப் படிக்க மாட்டான். கடைசி வரியைப் பாத்துட்டுப் போயிருவான். முழுசாப் படிக்கிறவன் தோத்தவன்தான். அவனுக்காகத்தான் எழுதணும்."

அவர் சொன்னதை அன்று இரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். நீதிமன்றம் போல முடிவு எடுக்கும் நிர்வாக அதிகாரியும் பொதுவாகக் காரணம் சொல்லியாக வேண்டும் என்று எஸ்.என். முகர்ஜி வழக்கில் 1990-இலேயே உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னதைக் கல்லூரியில் படித்திருக்கிறேன், தேர்வில் எழுதியிருக்கிறேன். நிர்வாகச் சட்டத்தில் ஒரு தலைப்பு என்றுதான் அது எனக்குள் இருந்தது. பட்டியலில் என் எண் இல்லாத ராத்திரியும், இரண்டு வரி மின்னஞ்சல் வந்த மத்தியானமும் எனக்கு வேண்டியிருந்தது அந்தக் காரணம்தான். வேலையைக் கொடுங்கள் என்றுகூட இல்லை, எந்த இடத்தில் சறுக்கினேன் என்று யாராவது காட்டியிருந்தால் போதும் என்று இருந்தது. அதற்காகத்தான் ஒருவர் வீட்டுச் சாப்பாட்டு மேசை வரை போனேன். அப்படி அலைந்த நானே, காகிதத்தில் ஒரு பிரதிவாதியைக் காரணம் சொல்லாமல் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

பாகப்பிரிவினை வழக்கின் நகல் வந்த நாளும் அப்போது நினைவுக்கு வந்தது. அண்ணாச்சி அதை எங்கள் கட்சிக்காரருக்கு வாசித்துக் காட்டினார். அந்த மனிதர் சட்டப் பகுதிகளையெல்லாம் பேசாமல் கேட்டார். அவருடைய சாட்சியத்தைப் பற்றிய பத்தி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கெணறு வெட்டுன கணக்கு நாஞ் சொன்னேன்லா, அத எழுதியிருக்காரா?" எழுதியிருந்தார். அதை ஏன் ஏற்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தார், ரசீது எதுவும் தாக்கல் செய்யவில்லை என்று. "அப்ப ரசீதத் தேடணும்" என்று சொல்லி எழுந்து போனார். மரத்தடியில் அழுத அதே ஆள்தான்.

இப்போது நான் ஒரு வங்கியின் வக்கீல் பட்டியலில் இருக்கிறேன். என் சட்டக் கருத்துகளில் முதல் வரியிலேயே கடன் கொடுக்கலாமா கூடாதா என்று இருக்கும், காரணம் அதற்குக் கீழே வரும். கூடாது என்று எழுதும்போது மட்டும் இன்னும் ஒரு பத்தி அதிகம் எழுதுகிறேன், எந்தப் பத்திரம் கிடைத்தால் இந்தக் குறை தீரும் என்று. அதைப் படித்துவிட்டுக் கடன் கேட்டவரே நேரில் வந்து, எந்த வாரிசிடம் விடுதலைப் பத்திரம் வாங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனதுண்டு. அடுத்த அறிவிக்கை வந்தால் மறுபடி எழுதுவேன். தேர்வாவேனா என்று சொல்ல முடியாது.

போன மாதம் ஐயா வீட்டில் மறுபடியும் மூன்று மணி நேரம் எழுதினேன். அதே வழக்கைத்தான் கொடுத்தார், வாதியையும் பிரதிவாதியையும் வேறு பெயர்களில். இந்தத் தடவை ஐந்து எழுவினா. 11 பக்கம். ஒப்பந்தம் கடனுக்கு ஈடாக எழுதப்பட்டது என்று முடிவு செய்து வாதிக்கு எதிராக எழுதினேன், வாங்கிய பணத்தை வட்டியோடு திருப்பிக் கொடுக்க மட்டும் உத்தரவிட்டிருந்தேன்.

அவர் ஸ்கேலை எடுத்துக்கொண்டு, "நான் இப்ப வாதி. நான் தோத்துட்டேன். படிக்கிறேன்" என்றார்.

படித்தார். முன்பணத் தொகையைப் பற்றிய பத்தியில் கொஞ்சம் நின்றார். முத்திரைத்தாள் பற்றிய இடத்தில் ஒரு பக்கம் பின்னால் போய்விட்டு மறுபடி வந்தார். பென்சில் மேசையிலேயே கிடந்தது. கடைசித் தாளைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தபோது காபியில் இன்னும் சூடு இருந்தது.

"ஒத்துக்க முடியலம்மா எனக்கு. முத்திரைத்தாள் பத்தி நீ சொன்னது தப்புன்னு நெனைக்கிறேன்" என்றார். "ஆனா அப்பீல்ல எந்த இடத்துல அடிக்கணும்னு தெரியுது."